நீர்புகா மணிக்கூடு: ஒரு சொல்லின் வரலாறு

மணிக்கூட்டின் நுண்ணிய பொறிகளுக்கு நீர் கொடும் பகையாகும். சிறிது ஈரம் உட்புகினும் எண்ணெய் கெடும், உருக்குத் துருப்பிடிக்கும். சட்டைப்பையில் மணிக்கூடு வாழ்ந்த காலத்தில் இப்பகை பெரிதாகத் தோன்றவில்லை. முதலாம் உலகப்போரில் (1914–1918) போர்வீரர் பலர் அதனைக் கையிற் கட்டவே, மழையும் சேறும் வியர்வையும் அதனை ஓயாது தாக்கின.

நீர் நுழையும் வாயில்கள் மூன்று: கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, சாவி கொடுக்கும் குமிழ். முதலிரண்டையும் அடைத்தல் ஓரளவு எளிது. நாள்தோறும் திருகப்படும் குமிழே பெருந்தடையாயிற்று. பெறகோ, பெரே என்னும் சுவிற்சர்லாந்தினர் இருவர், திருகி இறுக்கும் குமிழொன்றை அமைத்து, 1925இல் அதற்குக் காப்புரிமை கோரினர். அவ்வுரிமையைப் பெற்ற ஹான்ஸ் வில்ஸ்டோர்வ், 1926இல் றோலெக்ஸ் 'ஒயிஸ்ரர்' மணிக்கூட்டை வெளியிட்டார். ஒயிஸ்ரர் என்பது சிப்பியைக் குறிக்கும்.

1927 ஒக்டோபர் 21ஆம் நாள் மேர்சிடிஸ் கிளைற்ஸ் என்னும் நீச்சல் வீராங்கனை அம்மணிக்கூட்டுடன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும், கடுங்குளிரால் அன்று கரைசேர முடியவில்லை. மணிக்கூடோ நிற்காது ஓடியது. நவம்பர் 24ஆம் நாள் 'டெயிலி மெயில்' பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதும் அதன் விளம்பரமாயிற்று. 1960 ஜனவரி 23ஆம் நாள், 'திரியெஸ்தே' கலத்தின் வெளிப்புறத்திற் பொருத்திய சிறப்பு மணிக்கூடொன்று, ஏறத்தாழ 10,900 மீற்றர் ஆழஞ் சென்று பழுதின்றி மீண்டது.

இத்துணை வெற்றிக்குப் பின்னரும், 2010இல் வகுக்கப்பட்ட சர்வதேச நியமம் 'நீரெதிர்ப்பு' என்றே கூறுகின்றது. 'நீர்புகா' என்று கூறுவதில்லை. காரணம் யாது? வாயில்களைக் காப்பவை இறப்பர் போன்ற பொருள்களாலான மெல்லிய வளையங்கள். அவை காலத்தால் இறுகி வெடிக்கும். வெந்நீராவியும் சவர்க்காரமும் அவற்றை விரைவிற் கெடுக்கும். ஆதலின் நீரெதிர்ப்பு நிலையான குணமன்று.

'30 மீற்றர்' என்னும் குறிப்பும் அவ்வாழத்திற்கு மூழ்கலாம் எனப் பொருள்படாது. அது சோதனைச் சாலையிற் கொடுக்கப்படும் அமுக்கத்தின் அளவு. அத்தகைய மணிக்கூடு கைகழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும். நீச்சலுக்கு 100 மீற்றர்க் குறிப்பாவது வேண்டும். நீரினுள் குமிழை இழுத்தலாகாது. கடல்நீர் பட்டபின் நன்னீரிற் கழுவுதல் வேண்டும். ஆண்டுதோறும் வளையங்களைச் சோதிப்பித்தல் நன்று. கண்ணாடியின் உட்புறத்திற் பனிப்படலம் தோன்றின், தாமதியாது திருத்துநரிடம் கொடுத்தல் வேண்டும்.

மனிதன் நீரை முற்றாக வென்றானல்லன்; எதிர்த்து நிற்கக் கற்றான். அவ்வுண்மைக்கு ஏற்பச் சொல்லையும் திருத்திக்கொண்டமை இவ்வரலாற்றின் சிறந்த பகுதியாகும்.