தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் குடும்ப வருவாய்

சிற்றூர்க் குடும்பங்களின் வருவாய் காலந்தோறும் எவ்வாறு மாறிவந்தது என்பதை அறியச் சராசரித் தொகை ஒன்றே போதுமா என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கடலூரைத் தலைநகராகக் கொண்டு, 1993-இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும்.

இம்மாவட்டத்தின் இருவேல்பட்டு என்னும் ஊருக்குப் பிறவூர்கள் பலவற்றிற்குக் கிட்டாத ஒரு பேறு வாய்த்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர் தம் மாணவரைக் கொண்டு 1916-இல் தொடங்கிய ஊராய்வுகளுள் அவ்வூரும் இடம்பெற்றது. அவ்வாய்வு நூல் 1918-இல் வெளிவந்தது. தாமசும் இராமகிருட்டிணனும் செய்த மறு ஆய்வு 1940-இல் அச்சேறியது. 1961, 1981 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும், பின்னர் 2008-இலும் ஆய்வாளர் மீண்டும் அவ்வூரை நாடினர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வாழ்வு இவ்வாறு பதிவாயிற்று.

முதல் ஆய்வில் முதன்மையாகத் தோன்றுவோர் படியாட்கள். 'படி' என்பது அளவையையும் நாளுணவுக்கென அளக்கும் தவசத்தையும் குறிக்கும். அதனைப் பெற்று உழைத்தவன் படியாள். திருமணத்திற்கென வாங்கிய சிறுகடன் அவனை ஒரே நிலக்கிழாரிடம் பிணித்தது. அவன் பெற்ற நெல்லைக் காசாகக் கணக்கிட்டு வருவாய் எனக் குறித்தல் எளிது. வேறிடம் செல்ல இயலாமையை எந்தக் காசாலும் குறித்தல் அரிது. 2008-ஆம் ஆண்டு ஆய்வில் படியாள் முறை மறைந்திருந்தது. உழவு சாராத தொழில்களின் பங்கும் ஓங்கியிருந்தது.

இனி அண்மைக் கணக்கை நோக்குவோம். நடுவணரசின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு உழவர் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருவாய் 2012-13-இல் 6,980 ரூபாய். 2018-19-இல் 11,924 ரூபாய். விலையேற்றத்தைக் கழியாத தொகைகள் இவை என்பதை மறத்தலாகாது. அனைத்திந்திய அளவில் இவ்வருவாயின் உட்கூறு மேலும் கருதற்பாலது. முன்னைய கணக்கில் பயிர் வருவாய் 3,081 ரூபாய், கூலி 2,071 ரூபாய். பின்னையதில் பயிர் 3,798, கூலி 4,063. உழவர் என்று எண்ணப்பெறும் குடும்பமே நிலத்தினும் கூலியால் மிகுதியாக ஈட்டுகின்றது என்க.

இம்மாற்றத்திற்குரிய காரணங்கள் பல. 1956-இல் நிறுவப்பெற்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனம் புதுத்தொழிலுக்கு வழி திறந்தது. நியாய விலைக் கடை அரிசி, உணவுக்காக ஒருவரைச் சார்ந்திருக்கும் நிலையைத் தளர்த்தியது. 2006 பிப்ரவரியில் தொடங்கிய ஊரக வேலை உறுதித் திட்டம், முதற்கட்டத்திலேயே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு வந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியை வரையறுத்தது.

எனினும் சராசரி மறைப்பனவும் உள. 1836-இல் எழுந்த கொள்ளிடக் கீழணையால் நீர்பெறும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் நெல்வயலும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பும் ஒரே மாவட்டக் கணக்கில் அடங்குகின்றன. நிலமுடையாரும் அவர் வயலில் நடவு செய்யும் நிலமற்ற பெண்டிரும் ஒரே எண்ணுள் கலக்கின்றனர்.

ஆகவே, வருவாய் வரலாறு எழுதுவார் தொகையோடு வேறு மூன்றையும் வினவுதல் வேண்டும்: அது நெல்லாக வந்ததா காசாக வந்ததா, எவர் கையிலிருந்து வந்தது, அக்கையை மறுக்கும் உரிமை பெறுவோர்க்கு இருந்ததா? படியாள் என்னும் சொல் வழக்கிழந்து வருதல், சொல்லாராய்ச்சியாளர்க்கு ஓர் இழப்பாகத் தோன்றலாம். அச்சொல்லால் அழைக்கப்பெற்றோரின் வழித்தோன்றல்களுக்கு அஃது ஆக்கமேயாம்.