திதியும் நடையும்

மேனாம்பேட்டிலிருந்தோ அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய வேறு தெருக்களிலிருந்தோ திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறவரிடம் கிரிவலம் என்றால் என்ன என்று கேட்டால், பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றுவது என்றுதான் பதில் வரும். திதியும் நடையும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டன. இந்தக் கலப்பு அவ்வளவு பழையதல்ல என்பது என் கட்சி. மலையை வலம்வருவது பல நூற்றாண்டு வழக்கம். மாதத்தில் ஒரே இரவுக்குள் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து அதைச் செய்வதோ 1980, 90களில் வலுப்பெற்ற பழக்கம். இதில் புராணத்தைவிடப் பேருந்துக்கும் ஆலைச் சங்குக்கும் பங்கு அதிகம்.

முதல் சாட்சி புராணமேதான். அருணாசல மகிமை சொல்லும் மரபு, வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனிப் பலன் வைத்திருக்கிறது. ஒரு திதியை மட்டும் தூக்கிப்பிடிக்கவில்லை. அண்ணாமலையார் தாமே மலையை வலம்வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: கார்த்திகை தீபம் முடிந்த பிறகும், தை மாதத் திருவூடலை ஒட்டியும். சுவாமியே மாதாமாதம் புறப்படுவதில்லை! 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமணர், 1926 வரை அன்பர்களோடு அடிக்கடி வலம்வந்திருக்கிறார். அவர் நாள் பார்த்து நடந்தவர் அல்லர். மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் திரும்புவதும், வழியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு ஓரிரு நாள் கழித்து வருவதும் அப்போது சாதாரணம். நிறைமாத கர்ப்பிணியான அரசி எப்படி நடப்பாளோ அப்படி நடக்க வேண்டும் என்று அவர் எடுத்துச் சொல்வது வழக்கம். 14 கிலோமீட்டர் பாதையும் இதையே சொல்கிறது. வழிநெடுகக் கல் மண்டபங்களும் குளங்களும் இருக்கின்றன. உட்காராமல் போகிறவர்களுக்கு யாரும் மண்டபம் கட்டமாட்டார்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எண்திசைக்கும் ஒவ்வொன்றாக நிற்கும் எட்டுச் சன்னதிகளும் நின்று கும்பிட்டுப் போவதற்கே. இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வழியில் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் உடலை ஒடுக்கிக்கொண்டு வெளிவர முடியும். லட்சம் பேருக்கு அளவெடுத்துச் செய்த வேலையாக அது தெரியவில்லை.

விளக்கே இல்லாத காலத்தில் நிலவில்லாமல் எப்படி நடந்திருப்பார்கள், அப்படியானால் பௌர்ணமியும் பழையதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறுங்காலில் நடப்பவருக்குப் பகல் வெயில் பகை, இருட்டும் பகை. நிலாக்காலம் இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வசதி. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் சேர்ந்ததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கலாம். ஆனால் வசதி வேறு, விதி வேறு. இன்று பாதை முழுக்க மின்விளக்கு எரிகிறது. நிலவின் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நிலவின் தேவை தீர்ந்த பிறகுதான் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ரயில் அன்றே இருந்ததே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், ரமணர் வந்ததே ரயிலில்தான். அந்த ரயில் கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் கொண்டுவந்தது, மாதக் கூட்டத்தை உண்டாக்கவில்லை. விழுப்புரம்–காட்பாடி தடத்தில் இருக்கும் ஊருக்குச் சென்னையிலிருந்து போக வேண்டுமானால் அப்போது பெரும்பாலும் இரண்டில் ஒரு முனையில் வண்டி மாற வேண்டியிருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு அது கட்டுப்படியாகவில்லை. பூந்தமல்லி வழியாகவும் திண்டிவனம், செஞ்சி வழியாகவும் ஓடிய பேருந்துகள்தான் ஓர் இரவில் போய்வரும் ஊராகத் திருவண்ணாமலையை மாற்றின. 1989-இல் அது மாவட்டத் தலைநகரானதும் சாலையும் வசதியும் கூடின. எந்த ராசிக்கு எந்த லிங்கம் என்று பட்டியல் போடும் பத்திரிகைகளும் துணைக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை கிரிவலத்துக்கு விடுப்பு கேட்க முடியாத தொழிலாளிக்கு, தேதி முன்கூட்டியே தெரிந்த, சிறப்புப் பேருந்து ஓடும் ஓர் இரவு போதும். மேனாம்பேட்டுக்கு அருகிலேயே இதற்கு ஓர் இணை உண்டு. வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வடசென்னை வழக்கம். மூன்று ஊரையும் பொழுதுக்குள் முடிப்பவர்கள் இன்று வண்டியை நம்பித்தான் கிளம்புகிறார்கள்.

அப்படியானால் இப்போதைய கிரிவலம் போலியா? இல்லை. பக்தி எந்தக் காலத்திலும் கையிலிருந்த நேரத்துக்குள்தான் நடந்திருக்கிறது. மண்டபம் கட்டியவர்களுக்கு நேரம் அதிகம் இருந்தது, அவ்வளவுதான். இழப்பு இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. 2024 மே மாதம், சென்னைக் கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகும் தடத்தில், மாலையில் கிளம்பும் அந்த வண்டி நள்ளிரவையொட்டிப் போய்ச் சேர்கிறது, விடியுமுன் திரும்புகிறது. பௌர்ணமிக்கென்று விட்ட சிறப்பு வண்டி அல்ல, தினசரி வண்டி. அதில் போகிறவர் எந்தக் கிழமையையும் தேர்ந்துகொள்ளலாம், புராணம் சொன்னது போலவே. ஆனால் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இடையே இருப்பது சுமார் நான்கு மணி நேரம். நிறைமாத அரசியின் நடையில் 14 கிலோமீட்டரை முடித்துவிட்டு அந்த வண்டியைப் பிடிக்க முடியாது.