வேலி யாருக்காக?

எங்கள் கரவெட்டியில் வேலியின்றித் தோட்டம் இல்லை. பயிரைக் காப்பது வேலி. ஆயின் அதை யார் அடைக்கின்றார், யாருக்காக அடைக்கின்றார் என்பதே வினா. கைத்தொழிலையும் நிதியையும் அரசு ஒழுங்குபடுத்துவது குறித்து அறிஞர் நிகழ்த்தும் வாதங்களுக்கும் இதுவே அடிப்படையாகும். ஈழத்து வங்கி வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டும்.

1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்த காலம் அது. நாட்டில் புழங்கிய தாள்களிற் பெரும்பகுதி அவ்வங்கியினது. மக்கள் கலங்கினர். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பை அரசு ஏற்றது. தனியார் நிதியைத் தன்போக்கில் விடக் குடியேற்ற அரசாலும் இயலவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஆனால் அவ்வேலி நாணயத்தைக் காத்ததேயன்றிக் கமக்காரனைக் காக்கவில்லை. அந்நிய வங்கிகள் பெருந்தோட்டத்துக்கும் ஏற்றுமதி வணிகத்துக்கும் பணம் கொடுத்தன. ஏனையோர் காணியையும் நகையையும் வட்டிக்காரரிடம் ஈடு வைத்தனர்.

இக்குறையை 1934 இல் பொச்கனவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது. 1939 இல் இலங்கை வங்கியும் 1950 இல் மத்திய வங்கியும் தோன்றின. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வளர்ந்த ஐக்கிய நாணய சங்கங்கள் கிராமத்தின் சிறுசேமிப்பைக் கிராமத்துக்கே கடனாக்கின. 1961 இல் கூட்டுறவு இயக்கத்தின் தோள்மீது மக்கள் வங்கி எழுந்தது. அவ்வாண்டிலேயே இலங்கை வங்கியும் அரசுடைமையாயிற்று. இவை எவரும் இரங்கி இட்ட பிச்சையல்ல. அக்காலத்து மக்கள் விழிப்பின் விளைவுகள்.

பண்டாரநாயக்க ஆட்சியில், 1958, 1959 ஆம் ஆண்டுகளில், நிக்கலஸ் கால்டோர், ஜோன் றொபின்சன், ஒஸ்கார் லாங்கே முதலிய பொருளியலாளர் இங்கு வந்து ஆலோசனை கூறினர். செல்வரின் செலவின்மீது வரி விதிக்குமாறு கால்டோர் கூறினார். அவ்வரி 1959 இல் வந்தது. ஆயினும் நெடுநாள் நிலைக்கவில்லை. அறிஞர் திட்டம் வகுக்கலாம். அதை நிலைநிறுத்தும் வலிமை வேறோரிடத்திலிருந்தே வருதல் வேண்டும்.

1971 இல் ஜோர்ஜ் ஸ்டிக்லர் மறுபுறத்தைக் காட்டினார். ஒழுங்குவிதிகளைத் தொழிலதிபரே கைப்பற்றித் தம் நலனுக்காக இயக்குவர் என்பது அவர் வாதம். வேலியே பயிரை மேயும் என்ற நம் முதுமொழி அதைத்தான் கூறுகின்றது. அவர் கண்ட நோய் மெய்யே. ஆனால் வேலியைப் பிடுங்கிவிடுதல் அதற்கு மருந்தாகுமா?

போர் ஓய்ந்தபின் வடபுலத்துப் பெண்களை நாடி நுண்கடன் வந்தது. வாரந்தோறும் படலையைத் திறந்து தவணைக்காரன் வந்தான். 2016 ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் பெறும் நிறுவனங்களையே தன் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது. கடன் மட்டும் கொடுத்தோர் வெளியே நின்றனர். வேலியில் விட்ட பொட்டு இது.

2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது நின்றது. 2023 இல் புதிய மத்திய வங்கிச் சட்டம் அவ்வங்கிக்குச் சுதந்திரம் வழங்கியது. யாரிடமிருந்து சுதந்திரம்? அமைச்சரிடமிருந்தென்றால் நன்று, மக்களிடமிருந்தென்றால் தீது. ஒழுங்குபடுத்துவதா, விடுவதா என்பதன்று நம் வினா. ஒழுங்குபடுத்துவோரை யார் ஒழுங்குபடுத்துவது? ஐக்கிய நாணய சங்கத்துப் பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்ட உறுப்பினரின் குரலிலே அதற்கான விடை உண்டு. அக்குரலை நம் மாணவருக்குக் கற்பிப்போமாக.