சிங்காரவேலனே தேவா: நாதஸ்வரம் விலை போனதா?

ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோவிலில் கந்த சஷ்டி என்றால் தென்காசி சுற்றுவட்டாரமே அங்கே திரளும். முருகன் கோவில் உள்ள எந்த ஊரிலும் நாதஸ்வரக்காரரிடம் கூட்டம் எந்தப் பாட்டைக் கேட்கும் என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 'சிங்காரவேலனே தேவா'தான். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது சினிமாப் பாட்டு என்பதே ஞாபகம் இருக்காது. ஏதோ பழைய பக்திப் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது 1962 பொங்கலுக்கு வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டு.

கோவில் வாசலில் சினிமாப் பாட்டு வாசிக்கலாமா, சினிமாவுக்குப் போன வித்வான் வித்வான்தானா என்ற சண்டை நம் ஊரில் பல தலைமுறையாக நடக்கிறது. இதே சண்டைக்கு மேல்நாட்டு ராக் ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'விலை போய்விட்டார்கள்'. ஒரு குழு தன் சத்தத்தை மாற்றினால் போதும், பழைய ரசிகர்கள் கொதித்துவிடுவார்கள். மெட்டாலிகா 1991ல் வேகத்தைக் குறைத்து ஒரு ஆல்பம் போட்டதற்கே துரோகிப் பட்டம். 1996ல் முடியை வெட்டிக்கொண்டு வந்ததற்கும் அதே பட்டம்! இவர்களுக்கெல்லாம் முன்னோடி பாப் டிலன். கையில் ஒரு சாதா கிடாரோடு நாட்டுப்பாடல் பாணியில் பாடிக்கொண்டிருந்தவர், 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்சார கிடாரோடு மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல். அடுத்த வருடம் மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவர் அவரைப் பார்த்து 'யூதாஸ்' என்றே கத்தினார். முப்பது வெள்ளிக் காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். இதற்கு மேல் ஒரு திட்டு கிடையாது.

இந்த யூதாஸ் பட்டம் நாதஸ்வரத்துக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயிலில் வருபவர்கள் சேரன்மகாதேவியைத் தாண்டியதும் காருகுறிச்சி என்ற சின்ன ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். அந்த ஊரில் 1921ல் பிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம். தஞ்சாவூர்க்காரர்கள் கோலோச்சிய துறையில் தாமிரபரணிக் கரையிலிருந்து போய், நாதஸ்வர சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்து, அவர் பக்கத்தில் இரண்டாவது நாயனமாக உட்கார்ந்து வாசித்தவர். குருவுக்குப் பிறகு அந்தப் பாணியின் வாரிசு என்றே ரசிகர்கள் இவரைச் சொன்னார்கள். கரிசல் காட்டு எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இவருடைய பெரிய ரசிகர்.

அப்படிப்பட்டவர்தான் எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில் 'கொஞ்சும் சலங்கை'க்கு வாசித்தார். படத்தில் நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது ஜெமினி கணேசன், பாடுவது சாவித்திரி. ஆனால் நாதம் காருகுறிச்சியுடையது, குரல் எஸ். ஜானகியுடையது. ராகம் ஆபேரி. பெண் குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஸ்வரம் போடும் அந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டால், எது குழல் எது குரல் என்று ஒரு நொடி குழம்பிப்போகும். ஜானகி யார் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது இந்தப் பாட்டால்தான்.

காருகுறிச்சிக்கு அதன் பிறகு இரண்டு வருடம்தான் வாழ்க்கை. 1964 ஏப்ரலில் இறந்துவிட்டார். பல மணி நேரம் ராக ஆலாபனை செய்த ஒரு கலைஞனை, பெரும்பாலான ஜனங்கள் சில நிமிடப் பாட்டு ஒன்றை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். "சினிமாவால் கெட்டது" என்பவர்களுக்கு இது ஒரு சாட்சி. "சினிமா இல்லாவிட்டால் அவர் பெயரே மறந்துபோயிருக்கும்" என்பவர்களுக்கும் இதே சாட்சிதான். வேடிக்கைதான்.

சரி, காருகுறிச்சி ஏதோ ஒரு சுத்தமான பழைய நாதத்தைக் கொண்டுபோய் சினிமாவில் விற்றார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சுத்தமான பழைய நாதம் எவ்வளவு பழசு?

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. இன்று நாம் கச்சேரி மேடைகளில் கேட்பது பாரி நாயனம். நீளமானது, சுருதி தாழ்ந்தது, கிட்டத்தட்ட மனிதக் குரல் போலக் கனமானது. அதற்கு முன்னால் பரவலாக இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, உச்ச சுருதியில் கீச்சென்று பாயும். நாதஸ்வரம் அடிப்படையில் தெருவில் வாசிக்கும் வாத்தியம். சாமி எந்த வீதியில் வருகிறது என்று அடுத்த வீதிக்காரனுக்குக் கேட்க வேண்டும். அதற்குத் திமிரிதான் சரி. பாரியை நிலைநிறுத்தியவர் சாட்சாத் ராஜரத்தினம் பிள்ளையே. பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்து நாயனத்தையும் விலக்கிவிட்டு, பாட்டுக் கச்சேரி போலத் தம்புராவை வைத்துக்கொண்டார்.

அதாவது, வாத்தியத்தின் நீளம், சுருதி, பின்னணி நாதம் எல்லாமே ஒரு மனிதரின் காலத்திலேயே மாறிவிட்டன. டிலன் கிடாரில் ஒரு வயரைத்தான் சொருகினார். ராஜரத்தினம் வாத்தியத்தையே மாற்றினார்!

அதோடு நின்றாரா? கிராமபோன் தட்டில் வாசித்தார். 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். விடிய விடிய வாசிக்கக்கூடிய தோடியை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடக்கிக் கொடுத்தார். அந்தத் தோடிதான் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1940ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாகக் கதாநாயகன் வேஷமே கட்டினார். இன்றைய கணக்கில் இதெல்லாம் அக்மார்க் 'கமர்ஷியல்'. ஆனால் இன்று பாரம்பரியம் என்றால் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. ராக் ரசிகர்களின் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாத இடம் அதுதான். 'விலை போய்விட்டான்' என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் அவன் யாருக்கும் விலை போகாமல் சுதந்திரமாக இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் காலேஜ் பையன்கள் பாடும் காபிக் கடைக்கு அது ஓரளவு சரி. கோவில் மேளக்காரர் எப்போது சுதந்திரமாக இருந்தார்? கோவில் கொடுத்த ஊழிய நிலம், களத்தில் அளக்கும் நெல், மிராசுதார் வீட்டுக் கல்யாணம், ஜமீன் அழைப்பு, இதுதான் வருமானம். ஊர்வலத்தில் மணிக்கணக்கில் நின்றபடியும் நடந்தபடியும் வாசிக்க வேண்டும். சட்டை போடக்கூடாது. தோளில் துண்டு போட்டால் தப்பு, அதை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பாடகருக்கு மேடை, மேளக்காரருக்குத் தெரு.

செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் நடந்த ஒரு கதையை சுயமரியாதை இயக்கத்தார் அடிக்கடி சொல்வார்கள். மதுரை சிவக்கொழுந்து என்ற நாதஸ்வர வித்வான் ஊர்வலத்தில் தோளில் துண்டோடு வாசித்தார். எடு என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காமல் வாசி என்று பக்கத்தில் நின்றார். ஒரு துண்டுக்கு இவ்வளவு பாடு.

அந்தக் காலத்தில்தான் ராஜரத்தினம் கிராப்பு வைத்துக்கொண்டு, பட்டு ஜிப்பாவும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டு வந்தார். மேடை போடு, உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். பெரிய தொகை கேட்டார், வாங்கவும் செய்தார். திமிர் பிடித்தவர் என்று பேசிக்கொண்டார்கள். (திமிரி போய்த் திமிர் வந்தது என்று அந்தக் காலத்துக் குறும்பர்கள் யாராவது சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை!) ரிக்கார்டும் ரேடியோவும் சினிமாவும் அவருக்கு வெறும் பணம் மட்டும் தரவில்லை. ஒரே ஊர், ஒரே எஜமான் என்ற கட்டிலிருந்து வெளியே போக ஒரு கதவைத் திறந்தன. காருகுறிச்சி நுழைந்ததும் அந்தக் கதவு வழியாகத்தான்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் தமாஷ். நாதஸ்வரக் கச்சேரிகளில் கடைசியில் 'இங்கிலீஷ் நோட்டு' வாசிப்பது ஒரு வழக்கம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலும் சிக்கல் சண்முகசுந்தரம் ஒரு நோட்டு வாசிப்பார். அந்தப் படத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். வெள்ளைக்காரன் மெட்டை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதல் ஆள் எந்தக் கமர்ஷியல் ஆசாமியும் இல்லை, மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதி 'நோட்டுஸ்வரம்' ஆக்கினார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக்கொண்டு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அந்த வயலின் இல்லாமல் இன்று ஒரு கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

அரசாங்கமே இந்தச் சுத்தம் பார்க்கும் வேலையில் இறங்கியதும் உண்டு. 1952ல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு வேட்டு வைத்தார். ஜனங்கள் சாஸ்திரிய சங்கீதம் கேட்டுத் திருந்திவிடவில்லை. பெட்டியின் முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள். 1957ல் விவித பாரதி தொடங்க வேண்டியதாயிற்று.

பெரிய மேளத்தின் கதை இது. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து அம்மன் கோவில் கொடைகளில் கரகாட்டத்தோடு வரும் நையாண்டி மேளத்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் தமுக்கும் சேர்ந்துகொள்ளும். சுத்தம் என்ற பேச்சே அங்கே அதிகம் எழுந்ததில்லை. கூட்டம் கேட்டதைக் கொடுப்பதுதான் அந்தக் கலையின் இலக்கணமே. 1989ல் கங்கை அமரன் 'கரகாட்டக்காரன்' எடுத்தபோது, இளையராஜா அந்த மேளத்தின் தாளக்கட்டை எடுத்து சினிமாவுக்குப் பாட்டாக்கினார். மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது படம். பிறகு ஊர் ஊராகக் கரகாட்டக் குழுக்கள் அதே பாட்டுகளைத் திரும்ப எடுத்து வாசித்தன. யார் யாரிடம் விலை போனார்கள் என்று இதில் கணக்குப் பார்க்க முடியுமா?

ஆனாலும் பழைய ரசிகர்களின் புலம்பலை மொத்தமாகத் தள்ளிவிடவும் முடியாது. சாமி புறப்பாட்டில் மல்லாரி, பிறகு நின்று நிதானமாக ராகம், ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு ராகம் என்று ஒரு முறை இருந்தது. ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வளர்க்கும் பயிற்சி அந்த முறையிலிருந்து வந்தது. ராஜரத்தினத்தின் மூன்று நிமிடத் தோடிக்குப் பின்னால் விடிய விடிய வாசித்த தோடி இருந்தது. காருகுறிச்சியின் ஆபேரிக்குப் பின்னாலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் பத்து சினிமாப் பாட்டு வாசித்தாலே போதும், கூலி வந்துவிடும் என்றால், கற்றுக்கொள்ள வரும் பையன் பத்து வருடம் எதற்காக சாதகம் செய்வான்? அவனைக் குறை சொல்லவும் முடியாது. கோவில் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாததால்தானே அவன் கல்யாணத்துக்குப் போகிறான். வாத்தியம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகளுக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில் அவர்கள் கடையும் நாயனத்தை வாங்க ஆள் வேண்டுமே.

இந்த விவாதத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு வாத்தியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நிறையக் கோவில்களில் சன்னதிக்கு வெளியே ஒரு சட்டத்தில் முரசு, மணி, தாளம் எல்லாவற்றையும் மாட்டி மோட்டாரோடு இணைத்திருப்பார்கள். தீபாராதனை நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் டம டம என்று தானே அடித்துக்கொள்ளும். அதற்கு மானியம் வேண்டாம், நெல் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். மேளக்காரர் சினிமாப் பாட்டு வாசிக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்காக வாதாடியவர்கள், அந்த மோட்டாரை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.