மே 5இன் காலியிடம்

1973இல் நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை காற்றில் எவ்வளவு ஓசோன் என்று அளந்துவந்தார்கள். மே முதல் தேதி, நூறு கோடிக்கு 41 பங்கு. அடுத்து 36, 12, 18. ஐந்தாம் தேதிக்கு அளவே இல்லை. செப்டம்பர் முடிய 153 நாட்களில் 37 நாட்கள் இப்படிக் காலி. ஆர் நிரல் மொழியை நிறுவினால் 'ஏர்குவாலிட்டி' என்ற பெயரில் இந்த அட்டவணையும் கூடவே வந்துவிடும்.

41 எந்த மொழிக்குப் போனாலும் 41தான். இன்னொரு நிரல் மொழியான பைத்தானுக்கும் ஆருக்கும் இடையே படாதபாடு படுவது அந்தக் காலியிடம்.

முழு எண் பத்தியில் காலியிடத்தைக் குறிக்க, 32 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணான −2147483648ஐ ஆர் ஒதுக்கிவைத்திருக்கிறது. தசம எண் பத்தியில் ஏற்பாடு வேறு. எண்ணே அல்ல என்று பொருள்படும் 'என்ஏஎன்' மதிப்பின் பிட்டுகளுக்குள் 1954 என்று செருகியிருக்கிறார்கள். ஆரை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராஸ் இஹாகா பிறந்த ஆண்டும் 1954தான். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

பைத்தானிலிருந்து ஆரை அழைக்க 'ஆர்பை2' நூலகம் உண்டு. அது ஆரின் இயந்திரத்தையே பைத்தான் நிரலுக்குள் ஏற்றிவிடுகிறது. இரண்டும் ஒரே நினைவகத்தில் குடியிருப்பதால் தரவை நகலெடுக்காமலேயே எட்டிப் படிக்கலாம். ஆபத்தும் அங்கேதான். ஓசோன் பத்தியை வெறும் எண் வரிசையாகப் படித்துச் சராசரி எடுத்தால், கழித்தல் 51 கோடியே 93 லட்சம் என்று வரும். இவ்வளவு அபத்தமாக வருவது ஒருவகையில் நல்லது, உடனே கண்ணில் படும்.

பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸின் வழக்கமான முழு எண் பத்தியில் காலிக்கு இடமே கிடையாது. அதனால் பத்தி முழுவதும் தசமமாகி, காலியிடம் சாதாரண என்ஏஎன் ஆகிவிடும். திரும்ப ஆருக்கு வரும்போது அந்த 1954 இருக்காது. அளக்காமல் விட்டதா, கணக்கில் பிழையா என்று பிறகு பிரித்தறிய முடியாது.

அதே அட்டவணையிலுள்ள வெப்பநிலையோடு ஓசோனைப் பொருத்தும் ஆரின் 'எல்எம்' கட்டளைக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. இரண்டு வகைக் காலியையும் தள்ளிவிட்டு மீதி 116 நாட்களை எடுத்துக்கொள்கிறது. கணக்கைப் போடுவது ஆரும் அல்ல. எண்கள் சி மொழி வழியாக, 1970களின் நேரியல் இயற்கணித நூலகமான லின்பேக்கிலிருந்து வந்த ஃபோர்ட்ரான் நிரலுக்குப் போகின்றன. இது பரம்பரைத் தொழில்: ஆரின் முன்னோடியான எஸ் மொழியை 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழு தொடங்கியதே ஃபோர்ட்ரான் நிரல்களைச் சுலபமாக அழைக்கத்தான்.

விடை பைத்தானுக்கு வந்துசேர்கிறது: ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினால் ஓசோன் நூறு கோடிக்குச் சுமார் 2.43 பங்கு கூடுகிறது. கூடவே, தள்ளப்பட்ட வரிசைகளின் பட்டியலும் வரும். அதன் முதல் எண் 5. ஆர் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, பைத்தான் பூஜ்யத்திலிருந்து. ஒன்றைக் கழிக்க மறந்து 5ஐக் கேட்டால், ஒழுங்காக அளக்கப்பட்ட மே 6ஆம் தேதியின் 28 வந்து நிற்கும்.