ஆணா, பெண்ணா: நாடி முதல் டாப்ளர் வரை



கருவுற்ற பெண்ணின் ஸ்கேன் அறிக்கை வீட்டுக்கு வந்ததும், அதிலுள்ள எண்களைக் கொண்டு பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கணிக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் பரவியிருக்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 140க்கு மேல் என்றால் பெண், குறைந்தால் ஆண் என்பார்கள். இப்போது அறிக்கையில் 'டாப்ளர்' என்றொரு பக்கமும் சேர்ந்துவிட்டது. தொப்புள்கொடியின் இரத்த ஓட்ட அளவையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தோணிரேவு முதலிய பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களில் இருப்பவர்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு, பொன்னேரிக்கோ சென்னைக்கோ போய் வாங்கி வருகிற அறிக்கை அது. அந்த எண்கள் எதற்காகத் தோன்றின, குழந்தையின் பாலினத்தோடு அவற்றுக்கு உள்ள உறவு எவ்வளவு என்பதைச் சற்று வரலாற்றோடு பார்ப்போம்.

கேள்வி மிகப் பழையது. இம்ரானின் மனைவியார் தம் வயிற்றிலிருந்த குழந்தையை இறைப் பணிக்கென நேர்ந்துகொண்டதையும், பிறந்தது பெண் எனக் கண்டு தம் இறைவனிடம் முறையிட்டதையும் ஆலு இம்ரான் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர் எதிர்பார்த்தது ஆண் குழந்தை என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். பிறந்தவரோ மர்யம் (அலை). கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ வாசகங்களில், ஆண் சிசு கருப்பையின் வலப்பக்கமும் பெண் சிசு இடப்பக்கமும் தங்கும் என்ற கருத்து உண்டு. வலம் என்றால் ஆண், இடம் என்றால் பெண் என்ற இந்த எண்ணம் யூனானி மருத்துவ மரபிலும் தொடர்ந்தது. நம் ஊர்ப் பாட்டிமார் வயிற்றின் சாய்வையும் கை நாடியையும் பார்த்துச் சொன்னதும் இதற்கு வெகு தூரமானதன்று. இவற்றில் பாதி எப்படியும் பலித்துவிடும். இருப்பதே இரண்டு விடைகள்தாமே!

அறியாமைக் கால அரபியர் இந்த விடைக்காகப் பிரசவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் என்ற செய்தி கேட்டு முகம் கறுத்து, மக்கள் கண்ணில் படாமல் ஒளிந்து, இழிவோடு வைத்துக்கொள்வதா மண்ணில் புதைப்பதா என்று தடுமாறிய தந்தையை அந்நஹ்ல் அத்தியாயம் காட்டுகிறது. உயிரோடு புதைக்கப்பட்ட சிறுமி, எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் கேட்கப்படுவாள் என்கிறது அத்தக்வீர். அக்காலத்திலேயே ஒட்டகங்களை விலையாகக் கொடுத்துப் பெண் குழந்தைகளை மீட்ட ஒருவர் இருந்தார்: ஸஃஸஆ இப்னு நாஜியா (ரலி). கவிஞர் ஃபரஸ்தக்கின் பாட்டனார் அவர். புகழ்பெற்ற கொடையாளர்களின் வரிசை நம் மேடைகளில் ஓதப்படும்போது இவர் பெயர் ஏனோ அதிகம் ஒலிப்பதில்லை.

இனி, டாப்ளர். கிறிஸ்டியன் டாப்ளர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்று 1842இல் பிராக் நகரில் அவர் எடுத்துரைத்தார். அவர் மனத்தில் இருந்தவை விண்மீன்கள். அதை ஒலியில் சோதித்தவர் நெதர்லாந்தின் பாய்ஸ் பாலட். 1845இல் ஓடும் ரயிலில் இசைக்கலைஞர்களை ஏற்றி எக்காளம் ஊதச் செய்து, ரயில் நெருங்கும்போது சுருதி ஏறுவதையும் விலகும்போது இறங்குவதையும் உறுதிசெய்தார். பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டை கட்டி ஆண்ட டச்சுக்காரர்கள் 1825இல் ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப்போய் அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் தாய்நாட்டில் ஊதிய எக்காளத்தின் பயன் இன்று நம் ஏரிக்கரைத் தாய்மாரின் வயிற்றுப் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் செலுத்தி, எதிரொலியைப் படமாக்கும் முறையை மகப்பேறு மருத்துவத்தில் நிலைநாட்டியவர் கிளாஸ்கோவின் இயான் டொனால்டு. அவருடைய குழுவின் கட்டுரை 1958இல் லான்செட் இதழில் வந்தது. அந்த எதிரொலியில் டாப்ளரின் விதியைப் பொருத்தினால், ஓடும் இரத்த அணுக்களின் வேகம் தெரியும். தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தை இவ்வாறு அளக்க முடியும் என்று 1977இல் அயர்லாந்து மருத்துவர்களான ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் காட்டினர்.

தொப்புள்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உண்டு. தமனிகள் குழந்தையின் இரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுசெல்கின்றன. இதயம் சுருங்கும்போது ஓட்டம் வேகமாகவும், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே மெதுவாகவும் இருக்கும். ஆனால் அந்த இடைவேளையிலும் இரத்தம் முன்னோக்கியே செல்ல வேண்டும். நஞ்சுக்கொடி பழுதடைந்து அதன் நுண்குழாய்கள் அடைபட்டால் இடைவேளை ஓட்டம் குறையும், பிறகு நிற்கும், முற்றினால் பின்னோக்கித் திரும்பும். அறிக்கையில் 'பி.ஐ.' என்றும் 'எஸ்/டி' என்றும் இருப்பவை இந்தத் தடையின் அளவுகளே. கருவின் மாதம் ஏற ஏற, நலமான நஞ்சுக்கொடியில் இவை இறங்கிவரும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை தேவைப்படுவதில்லை. இரத்தக் கொதிப்பு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற ஆபத்துள்ள கர்ப்பங்களில்தான் இது பெரிதும் உதவுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, அத்தகைய கர்ப்பங்களில் டாப்ளர் பயன்படுத்தியபோது சிசு மரணம் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்ததாகக் கண்டது.

இந்த அளவுகளில் ஆண் பெண் வேறுபாடே இல்லையா? உண்டு. நார்வேயின் டிரோம்சோ நகரில் நடந்த ஆய்வில், கருவின் நடுப்பகுதி மாதங்களிலிருந்து பெண் சிசுக்களின் தொப்புள்கொடித் தமனியில் 'பி.ஐ.' சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் இது நூற்றுக்கணக்கான அளவீடுகளின் சராசரியில் மட்டும் தெரிகிற நூலிழை வேறுபாடு. தனியொரு தாயின் அறிக்கையை வைத்துக்கொண்டு இதைப் படிக்க முடியாது. பெண் சிசுவிடம் காணப்படும் அளவு ஆண் சிசுவிடமும் தாராளமாகக் காணப்படும். 140 துடிப்புக் கணக்கும் அவ்வாறே சோதிக்கப்பட்டுப் பொய்யென்று தெரிந்ததுதான்.

மாறாக, ஆண் மகனுக்காகக் காத்திருப்போர் அறிய வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து ஆண் சிசுக்களுக்கே ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல். 'பி.ஐ.' கூடியிருப்பதைக் கண்டு 'பெண்தான்' என்று முகம் சுளித்து அடுத்த ஸ்கேனைத் தள்ளிப்போடும் குடும்பம், மூச்சுமுட்டிக் கொண்டிருக்கும் ஒரு குழந்தையைக் கைவிடுகிறது. அது அவர்கள் ஏங்கிய மகனாகவே இருக்கவும் கூடும்.

நம் நாட்டில் இந்த முகச்சுளிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மறக்கலாகாது. 1970களின் நடுவில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பிறவிக் குறைகளைக் கண்டறியவே பனிக்குட நீர்ச் சோதனை தொடங்கியது. விரைவிலேயே அது பெண் சிசுவைக் கண்டறிந்து கலைக்கும் கருவியாயிற்று. பின்னர் ஸ்கேன் அந்த இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலைகளை 1986இல் இந்தியா டுடே இதழ் வெளிக்கொணர்ந்தது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1994இல் இயற்றப்பட்ட தடைச் சட்டம் 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. அதற்குள் நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் என்றிருந்த விகிதம், 2001இல் 927 ஆகச் சரிந்திருந்தது. முஸ்லிம்களிடையே அவ்வாண்டில் அது 950. ஆறுதல் தரும் எண்தான். ஆயினும் 'மூன்றாவதும் பெண்ணா?' என்று மருமகளைக் கேட்கும் நாவுகள் நம் மஹல்லாக்களில் இல்லையென்று யார் சொல்வார்?

சட்டத்தின் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்வகையிலோ மருத்துவர் தெரிவிக்கக் கூடாது. தெரிவிக்கக் கேட்போருக்கும் முதல் குற்றத்திற்கே மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கருவுற்ற பெண்ணை மட்டும், கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தியிருப்பர் என்று சட்டமே அனுமானித்துக் காக்கிறது. வீட்டுக்குள் நடப்பதை அறிந்து எழுதியிருக்கிறார்கள்.

கருவறைகளில் உள்ளதை அல்லாஹ்வே அறிவான் என்று லுக்மான் அத்தியாயம் கூறியிருக்க, ஸ்கேன் எடுப்பது ஈமானுக்கு முரணாகாதா என்று சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. உருவாகி முடிந்த ஒன்றைக் கருவியால் காண்பது மறைவானதை அறிவதாகாது. அக்குழந்தையின் ஆயுள், உணவு, செயல், முடிவு அனைத்தையும் கருவி காட்டுவதுமில்லை. ஆகவே தாயையும் சேயையும் காக்கும் மருத்துவ ஸ்கேனுக்கு மார்க்கத்தில் தடையில்லை. நூற்று இருபதாம் நாளில் ரூஹ் ஊதப்படுவதாக ஹதீஸின் அடிப்படையில் மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோர் கணக்கிடுவர். ஐந்தாம் மாத ஸ்கேன் ஏறத்தாழ அந்த வேளையில்தான் வருகிறது.

டாப்ளர் அறிக்கை கையில் வந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவைதாம்: துடிப்புகளுக்கிடையே இரத்தம் முன்னோக்கி ஓடுகிறதா, அளவு இந்த மாதத்திற்கு ஏற்றதா, குழந்தையின் எடை கூடுகிறதா, மறுபடி எப்போது வர வேண்டும். கடைசி மாதங்களில் அசைவு குறைந்ததாகத் தாய் உணர்ந்தால், குறித்த தேதி வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏரிக்கரை ஊர்களில் இருப்போர் இரவு நேரத்திற்கென ஒரு வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும். 108 எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கட்டும்.