இந்தியக் கால்பந்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்

கோல் அடிப்பவரின் திறனை எண்ணிக்கையால் அளக்கலாம். ஆனால் எதிரணியின் முன்னேற்றத்தைத் தடுப்பதே தொழிலான தற்காப்பு ஆட்டக்காரருக்கு அத்தகைய கணக்கு எதுவும் இல்லாததால், அவர்களுள் சிறந்தவர் யார் என்பது எந்த நாட்டிலும் தீராத வழக்காகவே நீடிக்கிறது. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் பாலோன் தோர் விருதை ஆடவர் பிரிவில் பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர்கள் பெக்கன்பவர் (1972, 1976), சாமர் (1996), கன்னவாரோ (2006) ஆகிய மூவர் மட்டுமே. இந்தியாவில் இப்பெருமைக்கு உரியவர்களாகக் கோஷ்டோ பால், சைலன் மன்னா, ஜர்னைல் சிங் ஆகியோர் பெரிதும் குறிப்பிடப்படுகின்றனர். மூவரும் கொல்கத்தாவின் மோகன் பகான் அணிக்கு ஆடியவர்கள் என்பது, இந்தியக் கால்பந்தின் புகழ் நெடுங்காலம் ஒரே நகரத்தில் குவிந்திருந்ததையும் காட்டுகிறது.

1896-இல் கிழக்கு வங்கத்தில் பிறந்த கோஷ்டோ பால் 1935 வரை ஆடினார். அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் அணிகள் பின்களத்தில் இருவரையே நிறுத்தின. பந்து தன்னிடம் அனுப்பப்படும் நொடியில், தாக்கும் ஆட்டக்காரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவரேனும் இருக்க வேண்டும் என்ற ஆஃப்சைடு விதி அன்று நடைமுறையில் இருந்ததே அதற்குக் காரணம். 1925-இல் அந்த எண்ணிக்கை இரண்டாகக் குறைக்கப்பட்டபின், பின்களத்தின் நடுவே மூன்றாமவரை நிறுத்தும் முறை இங்கிலாந்தில் வேரூன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியது. காலணி அணிந்து ஆடிய ஆங்கிலேய அணிகளை வெறுங்காலுடன் எதிர்த்து நின்ற கோஷ்டோ பாலுக்குச் 'சீனப் பெருஞ்சுவர்' என்ற பட்டம் கிடைத்தது; 1962-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, அவ்விருது பெற்ற முதல் கால்பந்தாட்டக்காரரும் ஆனார். அவரது புகழில் ஆட்டத்திறனுக்குரிய பங்கு எவ்வளவு, அடிமை நாட்டின் தன்மான உணர்வுக்குரிய பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது இன்று எளிதன்று.

சைலன் மன்னா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் தலைமையிலான அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. வெறுங்கால் ஆட்டம் முடிவுக்கு வர அத்தோல்வியும் ஒரு காரணமாயிற்று.

ஜர்னைல் சிங்கின் தகுதிக்குத்தான் சான்றுகள் வலுவானவை. 1936-இல் லயால்பூரில் பிறந்து, பிரிவினைக்குப் பின் இந்தியப் பஞ்சாபில் குடியேறிய அவர், 1959-இல் மோகன் பகானில் சேர்ந்து, பின்களத்தின் நடுவில் நின்று எதிரணியின் முதன்மைத் தாக்குநரை மறிக்கும் 'ஸ்டாப்பர்' பொறுப்பில் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்தபோதும் அணியில் இருந்தார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியின் தொடக்க ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போட நேர்ந்தது. பின்களத்தில் நின்று உயரப் பந்துகளைத் தலையால் ஓயாமல் முட்டித் தள்ளும் நிலையில் அவர் இல்லை என்று கண்ட பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அவரை அணியிலிருந்து நீக்காமல் முன்களத்துக்கு மாற்றினார். தென்வியட்நாமை 3-2 என வென்ற அரையிறுதியில் ஒரு கோல் அடித்த அவர், செப்டம்பர் 4 அன்று, விருந்தளித்த நாட்டுப் பார்வையாளர்கள் இந்திய அணியை எதிர்த்துக் கூச்சலிட்ட இறுதியாட்டத்திலும் ஒரு கோல் அடிக்க, பி. கே. பானர்ஜியின் கோலும் சேர்ந்து, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வீழ்த்தியது. தற்காப்பில் சிறந்தவரைத் தேடும் ஆய்வில் அவர் தாக்குநராக அடித்த கோல்களே முதலில் நினைவுகூரப்படுவது விந்தைதான். ஆயினும் 1964-இல் அர்ஜுனா விருதும், பின்னர் ஆசிய நட்சத்திர அணியின் தலைமையும் அவருக்குக் கிடைத்தது பின்களப் பணிக்காகவே. மற்ற இருவரும் பெரும்பாலும் கொல்கத்தாவின் மதிப்பீட்டால் உயர்ந்தவர்கள். ஜர்னைல் சிங்கை உயர்த்தியது ஆசியாவின் மதிப்பீடு.

தமிழ்நாடு தேசிய அணிக்குத் தந்தவர்களுள் தாக்குநர்களே அதிகம் அறியப்பட்டுள்ளனர். ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ் அவர்களுள் ஒருவர். ஆயினும் நாமக்கல்லிலிருந்து வந்த மோகன்ராஜும், திருச்சியிலிருந்து வந்த தர்மராஜ் ராவணனும் 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் தற்காப்பு ஆட்டக்காரர்களாகவே இடம்பெற்றனர்.